வடகிழக்குக்கு உருண்ட பந்து

கோபம் ஆறிவிடும் என்கிறார்கள். பொய். நான் இரண்டு வருடமாக ஒரு மரத்தளத்தோடு கோபமாக இருக்கிறேன். தினமும் அதன் மேல் உட்கார்ந்துதான் தேநீர் குடிக்கிறேன். கோபத்தோடுதான் குடிக்கிறேன்.

நான் அதிகம் படிக்கவில்லை. எட்டாம் வகுப்பு. பேச்சும் குறைவு. ("இவரோட போனில கதைக்கிறதும் ஒண்டு, லைன் அறுந்துபோய் நிக்கிறதும் ஒண்டு" என்பாள் மனைவி ரஞ்சி.) ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன்.

நாங்கள் ஜெர்மனியில், எசன் நகரத்தில் இருக்கிறோம். இருபத்திரண்டு வருடம் நாலாம் மாடியில் இருந்தோம். லிப்ட் கிடையாது. ரஞ்சிக்கு இருந்தது ஒரே ஆசை. கதவைத் திறந்தால் மண் தெரிய வேண்டும். கடைசியில் வரிசை வீடு ஒன்று வாங்கினோம். பின்பக்கம் தோட்டம். பின்கதவிலிருந்து தோட்டத்துக்கு மூன்று படி.

முதல் கோடை வருமுன்னே அவளுடைய இடுப்பு மூட்டு போய்விட்டது. சத்திரசிகிச்சை செய்தார்கள். பிறகு மூன்று கிழமை ரேஹா என்று, நடக்கப் பழக்கும் இடத்துக்கு அனுப்பினார்கள். வந்த பிறகும் சில மாதம் ரோலாட்டர்தான். நாலு சில்லு வைத்த தள்ளுவண்டி. படி ஏறக்கூடாது, இறங்கக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

ரேஹாவுக்குப் போகும் அன்று பின்கதவுக் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"நான் திரும்பி வந்த உடன இந்தக் கதவால என்ர காலில வெளியில போகவேணும். ஒருத்தரும் பிடிக்கக் கூடாது."

"ஓம்" என்றேன்.

அந்த ஒரு சொல்லில் வந்த வினை.

திட்டம் எளிது. கதவு நிலை எந்த உயரமோ அந்த உயரத்துக்கு வெளியே ஒரு மரத்தளம். படி இல்லை. கதவைத் திறந்தால் நேரே தள்ளிக்கொண்டு போகலாம். பிராங்பேர்ட்டில் இருக்கும் மகள் ஆள் பிடிக்கச் சொன்னாள். தேவையில்லை என்றேன். பத்தொன்பது வருடமாக நான் பலட் அடிக்கிறவன். லொறியில் சாமான் ஏற்றி அடுக்குகிற மரத்தட்டு இருக்கிறதே, அதுதான். ஒரு நாளைக்கு எத்தனை அடிப்பேன் என்று எனக்கே தெரியாது. மரத்தளம் என்பது என்ன? ஊர் போகாத பலட். அவ்வளவுதான்.

(இந்த வசனத்தை அப்போது நான் சத்தமாகவே சொன்னேன். மகள் மறக்கவில்லை.)

இங்கேதான் தயாபரன் வருகிறான். ரஞ்சியின் தம்பி. மூன்று தெரு தள்ளி, மூன்றாம் மாடியில் இருக்கிறான். கைத்தொலைபேசியில் வாஸ்து பார்த்துப் பார்த்து வாஸ்து நிபுணர் ஆனவன். நான் ஒரு வருடத்தில் பேசுவதை அவன் ஒரு கோப்பி குடிக்கிற நேரத்துக்குள் பேசி முடிப்பான். வந்தான். தோட்டத்தின் நடுவில் நின்றான். தொலைபேசியில் திசைகாட்டியைப் போட்டுக்கொண்டு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினான். முகம் கறுத்துவிட்டது.

எங்கள் வீட்டுக்குத் தென்மேற்கில் தோட்டம். தோட்டத்துக்கு வடகிழக்கில் வீடு. அதாவது மரத்தளத்தின் ஈசான மூலையில் நிற்பது எங்கள் வீடு.

"அத்தான், தென்மேற்கு உயரவேணும், வடகிழக்குத் தாழவேணும். தண்ணி ஈசான மூலைக்குத்தான் ஓடவேணும்."

"ஈசான மூலையில வீடெல்லோ நிக்குது."

"ஓம். அதுதான் விசேஷம்."

வேண்டாம் என்றேன். மழைத் தண்ணீர் வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்பது மாட்டுக்கும் தெரியும். நான் ஊரில் வாய்க்கால் வெட்டி வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாறினவன். தண்ணீருக்குத் திசை தெரியாது, பள்ளம் மட்டும்தான் தெரியும் என்பது எனக்குத் தெரியும். அதை நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் திறக்குமுன் அவன் குரலைத் தாழ்த்தினான்.

"அக்காவின்ர இடுப்பு ஏன் போனது எண்டு நினைக்கிறியள்? இஞ்ச தென்மேற்கு பள்ளமாக் கிடக்கு. வீட்டுக்காரியின்ர எலும்பைத்தான் அது முதல் பிடிக்கும்."

எனக்கு வாஸ்துவில் நம்பிக்கை இல்லை. ஆனால் ரேஹாவில் கிடப்பது என் மனைவி. ஒரு நூறில் ஒரு பங்கு அவன் சொல்வது சரியாக இருந்துவிட்டால்? அந்த ஒரு பங்கு என் வாயை அடைத்தது. "சரி" என்றேன். வெளிப்பக்கத்தை நாலு விரல் உயர்த்தி, கதவுப் பக்கத்தைத் தாழ்த்தி அளவு போட்டேன்.

அவன்மேல் வந்த கோபத்தில் பாதி அந்தச் "சரி"மேல் வந்திருக்க வேண்டும். நியாயம் பார்த்தால் முக்கால்.

அடுத்தது முகூர்த்தம். முதல் ஆணி அடிக்க நல்ல நேரம் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு பத்து.

ஜெர்மனியில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே ஞாயிற்றுக்கிழமை சத்தம் கூடாது. புல்லு வெட்டக்கூடாது. சுவரில் ஓட்டை போடக்கூடாது. முப்பது வருடத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒரு வெற்றுப் போத்தலைக்கூடத் தெருத் தொட்டிக்குள் போடாதவன் நான். அப்படிப்பட்ட நான் வேலையிடத்தில் கேட்டு வாங்கிய, காற்றில் ஆணி அடிக்கும் துவக்கைக் கையில் வைத்துக்கொண்டு காலை ஆறு பத்துக்குத் தோட்டத்தில் நின்றேன். பக்கத்தில் காற்று அடைக்கும் இயந்திரம் லொறி மாதிரி உறுமியது. தயாபரன் தேங்காய் உடைத்து, கட்டைக்குக் குங்குமம் வைத்து, "இப்ப அடியுங்கோ" என்றான்.

அடித்தேன். ஒன்றல்ல. துவக்குக்கு ஒன்று என்பது தெரியாது. வரிசையாக ஏழு போய்விட்டது.

வேலிக்கு அப்பால் ஒரு தலை எழும்பியது. பிரிங்க்மன். அடுத்த வீட்டுக்காரர். எழுபது வயது இருக்கும். குளியல் அங்கியோடு நின்றார். கோபப்படவில்லை. தன் மணிக்கூட்டை ஒரு விரலால் தட்டிக் காட்டினார். பிறகு வானத்தைக் காட்டினார். கர்த்தருடைய நாள் என்றாரோ, இன்னும் விடியவில்லை என்றாரோ, இரண்டும் சரிதான். தயாபரன் ஓடிப்போய் பூசைத் தட்டில் இருந்த வாழைப்பழத்தை வேலிக்கு மேலால் நீட்டினான். மனுஷன் வாங்கிக்கொண்டார். குளியல் அங்கியும் வாழைப்பழமுமாக நெடுநேரம் நின்று எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

பொலிசுக்குச் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் ஆத்திரம். சொல்லியிருந்தால் வேலை அன்றே நின்றிருக்கும்.

பிறகு காலை வேலை முடிந்து வந்து ஒவ்வொரு பின்னேரமும் அடித்தேன். ரோலாட்டரின் சின்னச் சில்லு புதையக்கூடாது என்று பலகைகளுக்கு நடுவில் ஒரு மயிர் இடைவெளி விடவில்லை. பலகையில் நீளத்துக்கு ஓடும் கோடுகள் இருந்தன. அந்தக் கோடுகள் கதவை நோக்கி வரும்படி வைத்தேன், சில்லு நேராய் ஓடட்டும் என்று. கதவு நிலையோடு சேரும் இடத்தை ரப்பர் பசையால் மூடினேன். ஒவ்வொன்றும் நல்ல எண்ணத்தில் செய்தது. எல்லாம் சேர்ந்து என்ன ஆனது என்று பாருங்கள். நாலு விரல் சரிவில், ஓட்டை இல்லாமல், வரிசையாக வாய்க்கால் வெட்டி, வாய்க்கால் எல்லாவற்றையும் என் கூடத்து வாசலில் கொண்டுவந்து கட்டியிருக்கிறேன். ஒரு கமக்காரன் இப்படிப் பாத்தி கட்டியிருந்தால் பரிசு கொடுக்கலாம்.

அநேகமாக முடிந்த நேரம் பிரிங்க்மன் தோட்டப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். கேட்காமல் வந்தார். எனக்கு முதல் கோபம் அதுதான். பலகையில் ஏறி நின்றார். கதவைப் பார்த்தார். மறுபக்கத்தைப் பார்த்தார். தண்ணீர் வீட்டை விட்டுப் போக வேண்டும், வீட்டுக்கு வரக்கூடாது என்றார். எனக்கு ஜெர்மன் விளங்கும். நன்றாகவே விளங்கியது. "அல்லஸ் கூட்" என்றேன். எல்லாம் சரி, நீ போகலாம் என்று அர்த்தம்.

போனார். திரும்பி வந்தார். கையில் ஒரு டெனிஸ் பந்து. அவருடைய நாயின் பந்து. பாதி மயிர் போய், பல் அடையாளம் இருந்தது. குனிந்து தளத்தின் வெளி விளிம்பில் அதை வைத்துக் கையை எடுத்தார்.

பந்து கொஞ்சம் யோசித்தது. பிறகு உருண்டது. அவசரமில்லாமல், விலாசம் தெரிந்த ஆள் மாதிரி நேரே எங்கள் கதவுக்கு வந்து, நிலையில் 'டொக்' என்று முட்டி நின்றது.

அவர் என்னைப் பார்த்தார். நான் பந்தைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குப் பழி வாங்குகிறார் என்று நினைத்தேன். முப்பது வருடமாக இந்த நாட்டில் யார் யாரோ வந்து நீ செய்வது பிழை என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். குப்பையைப் பிரித்தது பிழை, வாகனத்தை விட்டது பிழை, படிவத்தில் போட்ட கட்டம் பிழை. இனி என் சொந்தத் தோட்டத்துக்குள்ளும் வந்து சொல்வார்களோ?

"இது எங்கள் முறை" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். பந்தை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. தொட்டால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அது கதவடியிலேயே கிடந்தது. அதைச் சுற்றிக் கூட்டினேன்.

புதன்கிழமை வேலை முடிந்தது. வெள்ளிக்கிழமை ரஞ்சி வருகிறாள். வியாழக்கிழமை மழை வந்தது.

நான் வேலையிடத்தில் நின்றேன். தகரக் கூரையில் மழை விழுந்த சத்தத்தில் ஆணித் துவக்கின் சத்தம் கேட்கவில்லை. மனதுக்குள் சரிவு ஓடியது. வாய்க்கால் ஓடியது. ஆனால் நான் அசையவில்லை. பின்னேரம் மூன்றுக்கு வீடு வந்து கூடத்துக்குள் காலை வைத்தேன். சளக் என்றது.

பின்கதவுக்கு வெளியே ஒரு சாண் அகலத்துக்குக் குளம். குளத்தில் அந்தப் பந்து மிதந்தது. காற்று அடிக்க அடிக்கக் கண்ணாடியில் வந்து தட்டியது. உள்ளே விடச் சொல்லித் தட்டுகிற மாதிரி. அதற்கு முன்னமே தண்ணீர் கதவுக்குக் கீழால் உள்ளே வந்து, கம்பளத்தை நனைத்து, தரையில் பதித்த லமினாட் பலகையெல்லாம் ஊறி, பொருத்துக்குப் பொருத்து பப்படம் மாதிரி எழும்பியிருந்தது. வெளியே போக வழி செய்யப் போய், இப்போது கூடத்துக்குள்ளேயே ரோலாட்டர் போகாது.

தயாபரனுக்குப் போன் எடுத்தேன். "வா" என்றேன்.

வந்தான். சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு தண்ணீரில் நின்றான். மிதந்த பந்தைப் பார்த்தான். பிறகு பேசினான்.

"அத்தான், ஒரு விதத்தில பாத்தா இது நல்ல சகுனம். தண்ணி தானா வீட்டுக்குள்ள வாறது லட்சுமி வாறது மாதிரி."

நான் வாளியை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

"லட்சுமியை அள்ளி வெளியில ஊத்து."

அன்று பின்னேரம் முழுக்க அவன் ஊற்றினான். நான் கூடத்து லமினாட்டைக் கிழித்தேன். பிறகு வெளியே போய் என் தளத்தைக் கிழித்தேன். பத்தொன்பது வருடமாக நான் அடித்த ஆணி கழன்றது என்று ஒரு முறைப்பாடு வந்ததில்லை. அன்று அந்தப் பெருமையை வாய்விட்டுத் திட்டினேன். ஒரு ஆணி வரவில்லை. பலகைதான் பிளந்து பிளந்து வந்தது. வெள்ளி காலை பார்த்தபோது வெளியே கட்டைகள் மட்டும் விலா எலும்பு மாதிரி நின்றன. உள்ளே வெறும் சீமெந்து. நடுவில் கதவு. கதவுக்கு வெளியே பழைய மூன்று படி.

மத்தியானம் ரஞ்சி வந்தாள். ரோலாட்டரைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்கு வந்து நின்றாள். தரையைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். எலும்புகளைப் பார்த்தாள். நானும் தயாபரனும் சுவரோடு நின்றோம்.

"நான் மூண்டு கிழமையில நடக்கப் பழகிட்டன். நீங்கள் ரெண்டு பேரும் மூண்டு கிழமையா என்ன பழகினியள்?"

தயாபரன் தொடங்கினான். "அக்கா, வடகிழக்கில..."

"வடகிழக்கில என்ன இருக்கு?"

"வீடு" என்றேன் நான்.

அவள் ரோலாட்டரைக் கதவுப் பக்கம் தள்ளினாள். பிறகு கதவடியில் கிடந்த பந்தைக் கண்டாள். இது என்ன என்று கேட்டாள். அடுத்த வீட்டுக்காரர் வைத்தது, உருண்டு வந்தது என்றேன்.

"எப்ப உருண்டது?"

"மழைக்கு முந்தி."

பொய் சொல்லியிருக்கலாம். பொய்க்கு நிறையச் சொல் வேண்டும். எனக்கு அது வராது.

தயாபரனைக் கொண்டு பந்தை எடுப்பித்து ரோலாட்டர் கூடைக்குள் போட்டாள். அதன் பிறகு என்னோடு பேசவில்லை. எங்கள் வீட்டில் பேசாமல் இருப்பது என் வேலை. அவள் அதைப் பறித்துக்கொண்டாள். காலையில் பூட்டிய கண்ணாடிக் கதவுக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்காருவாள். வெளியே வெயில். புல்லு. மண். கதவிலிருந்து மூன்று படி. கூடைக்குள் பந்து. எட்டு நாள் அப்படி. அந்த எட்டு நாளும் என் கோபம் சுற்றிச் சுற்றி வந்தது. தயாபரனிடம் போனது. பிரிங்க்மனிடம் போனது. திசைகாட்டியிடம் போனது. கடைசியில் சரிவில் விட்ட பந்து மாதிரி வந்து முட்டி நின்றது என்னிடம்தான்.

ஒன்பதாம் நாள் பந்தை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"கொண்டே குடுங்கோ. அந்த நாயின்ர சாமான்."

எங்கள் படலையிலிருந்து அவர் படலைக்குப் பதினாறு அடி. நாட்டை விட்டு வந்ததுகூட இவ்வளவு தூரமாக இருக்கவில்லை. மணியை அடித்தேன். கதவைத் திறந்தார். பந்தை நீட்டினேன். அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பிட்ட" என்றேன். தயவு செய்து என்ற ஒரு சொல். அதற்கு மேல் எனக்கு வரவில்லை.

பந்தை வாங்கிக்கொண்டு, அவரும் பேச்சை நீட்டவில்லை. "சனிக்கிழமை. ஒன்பது மணி" என்றார். கதவைச் சாத்தப் போனவர் திரும்பித் திறந்தார். "ஞாயிறு இல்லை."

சனிக்கிழமை சரிவு பார்க்கும் நீர்மட்டக் கட்டை, திருகாணி, தண்ணீர் வடியக் கதவடியில் பதிக்க இரும்புச் சட்டம் போட்ட ஒரு பீலி எல்லாம் கொண்டு வந்தார். ஆணித் துவக்கை ஒரு விரலால் காட்டித் தூர வைக்கச் சொன்னார். வேலை தொடங்கியது. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அதுவும் கோபம் தந்தது. மனுஷன் பேசுவதில்லை. கையை நீட்டுவார், நான் பலகையைக் கொடுப்பேன். தலையை ஆட்டுவார், நான் அறுப்பேன். மத்தியானம் வரை பத்துச் சொல் போயிருக்காது. தயாபரன்தான் பலகை சுமந்துகொண்டு பேச்சில்லாமல் மூச்சுத் திணறிப் போனான்.

கோப்பி நேரம் நான் கேட்டேன், என்ன வேலை செய்தவர் என்று. நாற்பது வருடம் கூரை போட்டவர். வாழ்நாள் முழுக்க வீட்டை விட்டுத் தண்ணீரை வெளியே அனுப்பியவர். ஏன் அதை முதலே சொல்லவில்லை என்றேன்.

"நீங்கள் கேட்கவில்லை."

தயாபரன் இடைவெளி கண்டுவிட்டான். ஈசான மூலை, செல்வம், எலும்பு எல்லாவற்றையும் ஜெர்மன் மொழியில் எடுத்துவிட்டான். பிரிங்க்மன் முழுவதும் கேட்டார். கோப்பியை முடித்தார். காய்ந்த வீட்டில் செல்வம் தங்காதா என்று கேட்டார். கிண்டலாக இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தயாபரன் தொலைபேசியை எடுத்துத் திசைகாட்டியைத் தேடினான். அந்த ஒரு காட்சிக்காக அவருக்கு இன்னும் பத்துச் சத்தமில்லாத ஞாயிற்றுக்கிழமை கடன்பட்டிருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை முடிந்தது. பலகைக்குப் பலகை ஒரு ஆணி அகலம் இடைவெளி. சில்லு புதையவில்லை. கதவடியில் பீலி. சரிவு தோட்டத்துப் பக்கம். ரஞ்சி ரோலாட்டரோடு கதவுக்கு வந்தாள். நாங்கள் மூன்று பேரும் வழியில் நின்றோம். விலகச் சொன்னாள். கையை நீட்டினாள். பிரிங்க்மனுக்கு மொழி விளங்கவில்லை, சங்கதி விளங்கியது. சட்டைப் பையிலிருந்து பந்தை எடுத்துக் கொடுத்தார். அவள் குனியக்கூடாது. ரோலாட்டரில் ஒரு கையை ஊன்றி, மறு கையால் பந்தை மெதுவாய்க் கதவடியில் நழுவ விட்டாள்.

துள்ளியது. அடங்கியது. கொஞ்சம் யோசித்தது. பிறகு உருண்டது. வீட்டை விட்டு, எங்களைத் தாண்டி, விளிம்பு வரை போய்ப் புல்லில் விழுந்தது. பிரிங்க்மனின் நாய் ஓடிவந்து கவ்விக்கொண்டு போனது.

ரஞ்சி பிரேக்கை விட்டாள். முன் சில்லு கதவு நிலையைத் தாண்டியது. பின் சில்லு தாண்டியது. தயாபரன் பிடிக்கப் போனான். அவள் திரும்பவில்லை, "தயா" என்று மட்டும் சொன்னாள். மூன்று ஆம்பிளைகளும் பொலிஸ் பிடித்த மாதிரிக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றோம். அவள் கடைசி வரை போனாள். ரோலாட்டரைத் திருப்பி அதன் இருக்கையில் உட்கார்ந்தாள். மண்ணைப் பார்த்தாள். நான் குனிந்து ஒரு திருகாணியின் தலையைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தேன். கோபத்தில்தான் இருக்கும்.

"தேத்தண்ணி போடுங்கோ" என்றாள். பந்தைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னதை விட்டால், மூன்று கிழமைக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் கதை.

இப்போது எங்கள் குடும்பத்தில் யாரும் எதையும் அடித்துச் சொல்ல முடியாது. மருமகன் இந்த வீதிதான் கிட்ட என்றால், மகள் கேட்பாள், "பந்து வைச்சுப் பாத்தனியளோ?" தயாபரன் கலியாண மண்டபத்துக்கு முந்நூறு கதிரை போதும் என்றால், கோயிலில் நிற்கிற சனமே கேட்கும், "பந்து என்ன சொல்லுது?" அவன் அசருவதில்லை. தென்மேற்கே தண்ணீர் போனால் நட்டம் வரும் என்று இன்றும் சொல்கிறான். நட்டம் வரட்டும். அது மாதம் இரண்டு முறை வருகிறது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டும் போகிறது.

ரஞ்சி இப்போது ரோலாட்டர் இல்லாமல் நடக்கிறாள்.

நேற்று மழை. நான் போய்க் கதவடியில் நின்றேன். தண்ணீர் வீட்டை விட்டுப் போனது. நன்றாகவே போனது. பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் வந்தது. உள்ளேயிருந்து குரல் வந்தது.

"என்ன, பந்தைத் தேடுறியளோ?"